பத்து நிமிஷத்தில் வந்துவிடும்

...அவர் இரண்டு கண்களையும் மூடியிருக்கிறார், நான் ஒரு கண்ணை மட்டும்தான் மூடியிருக்கிறேன், மற்றதை நூலளவு திறந்துவைத்து எதிர் நாற்காலியை வேவு பார்க்கிறேன், மூச்சு உள்ளே போவதைக் கவனியுங்கள் டீச்சர், வெளியே வருவதைக் கவனியுங்கள் என்று என் வாய் பதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, என் மூச்சு எந்தத் திக்கில் போகிறதென்று எனக்கே தெரியவில்லை, இரண்டு புதன்கிழமைகள் வராமலிருந்துவிட்டு இன்று ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்த கோகிலவாணி டீச்சர், பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர், எந்த நிமிஷம் எழுந்து போவாரோ, போனால் வாசலில் எந்தப் பக்கம் திரும்புவாரோ, இடப்பக்கம் பஸ் ஸ்டாண்டு, வலப்பக்கம் வாய்க்கால் பாலம், மனசை இந்த நொடியில் நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிற மைண்ட்ஃபுல்னஸ் சிகிச்சையாளன் நான், வெளியே போர்டுகூட மாட்டியிருக்கிறேன், என் மனசு மட்டும் இந்த அறையில் ஒரு நாளும் தங்கியதில்லை, இதோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது, மின்சார ஆபீசின் புகார் அறைக்குத்தான், வேறெங்கே போகும், மூன்று கறுப்புப் போன்கள், ஒரு தடித்த நோட்டு, சுவரெல்லாம் ஈரம், முப்பத்தொரு வருஷம் அங்கே உட்கார்ந்து போன் எடுத்தவன் நான், இரண்டரைக் கோடிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பேன், நம்மூரு சனமே எம்பதாயிரந்தானுங்க என்பாள் என் மனைவி சம்பூர்ணம், ஆளுக்கு முந்நூறு தடவை திட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளேன், போனை அழுத்தி அழுத்தி என் வலது காது அரை அங்குலம் தேய்ந்தேவிட்டது, வேண்டுமானால் அளந்து பார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் போர்மேன் காளியண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்கிறார், கேட்டுக்க தம்பி, கரண்ட்டு எப்ப வரும்னு கேப்பாங்க, பத்து நிமிஷம்னு சொல்லு, அஞ்சுன்னு சொன்னயின்னா அஞ்சாவது நிமிஷம் மறுக்காக் கூப்புடுவாங்க, அரை மணின்னு சொன்னயின்னா வண்டியெடுத்துட்டு நேர்லயே வந்துருவாங்க, பத்துதான் சரி, எங்கே அறுந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, லைன்மேன் டார்ச்சோடு கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார், நான் இங்கே பத்து நிமிஷத்துல வந்துருமுங்க, பத்து நிமிஷத்துல வந்துருமுங்க என்று மந்திரம்போல ஓதுவேன், நாப்பது தறி நின்னு கெடக்குது, நீயெல்லாம் சோத்ததான் திங்கறயா என்பார் ஒருவர், அவருக்கும் பத்து நிமிஷம்தான், என் கல்யாணத்தன்று தாலி எப்போது கட்டுவாய் என்று மாமனார் கேட்டதற்கும் அதையே சொன்னேனாம், சொல்லியிருக்கமாட்டேன், சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்பதால் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், இனி வருவதை மட்டும் நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை, காற்றும் மழையுமாக இருந்த ஒரு மத்தியானம் பாதி ஊர் இருட்டு, ஒரு அம்மா கூப்பிட்டார், வூட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மிசினு வெச்சிருக்கறமுங்க, கரண்ட்டு இப்ப வந்துருமுங்களா, இல்லீன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுங்களா, நான் யோசிக்கவேயில்லை, பத்து நிமிஷத்துல வந்துருமுங்க என்றேன், அவர் நம்பினார், இரண்டு மணி நேரம் கழித்து அதே குரல், திட்டவில்லை, அழவில்லை, சொல்லணும்னுதான் கூப்புட்டனுங்க, இனி அவசரமில்லீங்க, மெதுவாவே வரட்டும்.

போனை வைத்தேனா வைக்கவில்லையா என்று ஞாபகமில்லை, அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தது ஞாபகமிருக்கிறது, சுவரில் பல்லி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து அந்தக் குஞ்சுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, பதினேழு வருஷம் படுத்திருந்தேன், ஏழு மாசம் என்கிறாள் சம்பூர்ணம், வாரம் ஒருக்காத்தான் குளிச்சீங்க, அதுவும் நான் பக்கெட்டத் தூக்கிட்டு வந்தா, என்றும் சேர்த்துக்கொள்கிறாள், அவள்தான் என்னை அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இழுத்துப்போனவள், டாக்டர் மாத்திரை எழுதினார், பக்கத்து அறையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்த ஸ்டெல்லா மேடத்திடம் அனுப்பினார், எண்ணம் வந்தால் வந்தது என்று மட்டும் கவனியுங்கள், துரத்தாதீர்கள் என்று அவர் சொன்னதை நான் அச்சு அசலாகச் செய்தேன், மறு வாரமே கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன், காலை 9.04 முதுகில் அரிப்பு, சரி செய்யப்பட்டது, 9.06 காளியண்ணன், தானாகவே சரியானது, 9.07 ஆக்சிஜன் அம்மா, நிலுவை, 9.08 நிலுவை, 9.09 நிலுவை, ஸ்டெல்லா மேடம் முதல் பக்கத்துக்குச் சிரித்தார், சார், நான் மூச்சத்தான் பாக்கச் சொன்னேன், புகார் எழுதச் சொல்லல, என்றார், அப்புறம் பக்கம் பக்கமாக நிலுவையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், வெறுமனே உட்கார்ந்திருந்தார், உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, ஓய்வு பெற்று அறுபத்தொரு வயதில் கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, என்னை அங்கிள் என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு பரீட்சை எழுதி, மாநிலத்திலேயே முதலாவதாக, பாசு மார்க்குங்க என்கிறாள் சம்பூர்ணம், சரி, பாசு மார்க்கோடு இந்தப் போர்டை மாட்டினேன், இன்றைக்கும் தெருவில் கரண்ட் போனால் என் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

போர்டைப் பார்த்துத்தான் டீச்சர் வந்தார், மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் சிறப்பு வகுப்பு, பிள்ளைகளுக்கு ஒரு மார்க் குறைந்தால் இவருக்கு விசாரணை, ஒரு நாள் கரும்பலகையில் எழுதிய கணக்கு அவருக்கே புரியாமல் போய் அப்படியே நின்றாராம், ரெண்டு வாட்டி வண்டிய வாய்க்காப் பாலத்துல நிறுத்திட்டனுங்க சார், எதுக்கு நிறுத்துனேன்னு எனக்கே தெரியல, என்று தரையைப் பார்த்துச் சொன்னார், நான் டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரையும் தொடங்கியாயிற்று, தங்கையின் போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன், எல்லாம் பாடத்தில் சொன்னபடி, அவர் வரத் தொடங்கிய நாலாவது புதன்கிழமை, எப்பங்க சார் சரியாகும் என்று அவர் கேட்டார், ஐயோ, என் வாய் என்னைக் கேட்கவில்லை, பத்து நிமிஷத்துல வந்துருமுங்க என்றது, முழுசாக, அதே ராகத்தில், டீச்சர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார், கைப்பையை எடுத்தார், போய்விட்டார், போன் எடுக்கவில்லை, அக்கா ஸ்கூலுக்குப் போயிட்டுத்தான் இருக்கறாங்க, யாரோடயும் பேசறதில்லீங்க என்றாள் தங்கை, எனக்குக் கால் தரிக்கவில்லை, அந்த மூன்று வாரமும் நூறு தடவை பாலத்துக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன், பன்னெண்டு தடவை என்றாள் சம்பூர்ணம், இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை, பன்னிரண்டில் நாலு முறை அவளும் கூட வந்திருந்தாள்.

மூச்சைக் கவனியுங்கள் என்று என் வாய் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் கண்ணைத் திறந்துவிட்டார், ஏனுங்க சார், அன்னைக்குப் பத்து நிமிஷம்னீங்க, நான் வூட்டுக்குப் போயிக் கெடிகாரத்த முன்னால வெச்சு உக்காந்தனுங்க, கிறுக்குத்தனம்னு தெரியும், இருந்தாலும் உக்காந்தேன், பத்தாச்சு, இருபதாச்சு, மூணு வாரமாச்சு, இப்பச் சொல்லுங்க, எப்ப சரியாகும், அவர் கேட்டு முடிக்குமுன் அந்தப் பழைய ராகம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, நான் பல்லைக் கடித்தேன், ஆக்சிஜன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், சம்பூர்ணத்தைத் தவிர யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லி முடித்துவிட்டு, தெரியாதுங்க டீச்சர் என்றேன், எங்க அறுந்திருக்குன்னே இன்னும் தெரியல, தேடிட்டுத்தான் இருக்கறோம், மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க, வண்டி மறுபடி பாலத்துல நின்னுச்சுன்னா உடனே தங்கச்சியக் கூப்புடுங்க, என்னையக் கூப்புடுங்க, ராத்திரி பகல் பாக்காதீங்க, போன் எடுக்கறது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும், தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, டீச்சரின் உதடு கோணிக்கொண்டு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது, தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க சார், ஸ்கூல்ல, வூட்ல, எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்னு, கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு, என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார், சரி, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிங்க, ஆனா ரெண்டு கண்ணையும் மூடுங்க, ஒத்தக் கண்ணுல என்னையவே பாத்துட்டிருக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க, பதினெட்டு வருசமாப் பரீட்சை ஹால்ல நிக்கறவளுங்க நானு, ஐயையோ என்று நெளிகிறேன், மூடுங்க சார், என்கிறார், நான் எங்கயும் போகலீங்க, மூடுகிறேன், இரண்டையும்...