சேக்காட்டுக்கு வந்த விமானம்

பட்டாபிராமைத் தாண்டிய பொட்டலில் மூன்று பெரிய கொட்டகைகள் எழும்பின. பழைய போர் விமானங்களையும், ராக்கெட்டுகளையும், விண்வெளிக்குப் போய்வந்த கலங்களின் மாதிரிகளையும் அங்கே காட்சிக்கு வைக்கப் போகிறார்கள் என்று ஆவடி முழுக்கப் பேச்சாக இருந்தது. மீனம்பாக்கத்தில் ஓர் ஓரமாகப் பல வருஷம் துருப்பிடித்துக் கிடந்த பழைய டக்கோட்டா விமானம் ஒன்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை, பாடியில் இருந்த ஒரு டிரெயிலர் கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் வீராசாமி.

வீராசாமிக்குச் சொந்த ஊர் சேக்காடு. அதே தெருவில் இருந்த தசரதனின் குடும்பத்து நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர் அவன் அப்பா. இப்போது அந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. வீராசாமி பாய்லர்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் ஊர் ஊராக நகர்த்தினான், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான், காலில் ஷூ போட்டான். இருந்தாலும் தெருமுனையில் மாடி வீடு கட்டியிருந்த தசரதன் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாடா, லாரிக்குப் போறியா?" என்றுதான் கேட்பார். அவரைப் பொறுத்தவரை வீராசாமி லாரியில் போகிறவன், அவ்வளவுதான்.

விமானத்தின் இறக்கைகளைக் கழற்றித் தனி வண்டியில் அனுப்பிவிட்டு, உடம்பை மட்டும் நீள டிரெயிலரில் ஏற்றிக் கட்டினார்கள். ஓட்டியவன் துலுக்கானம். ஐயப்பன்தாங்கல்காரன். அவனை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததே வீராசாமிதான். ஒரு காலத்தில் துலுக்கானத்தின் குடியைப் பற்றிக் கம்பெனியில் கதை கதையாகச் சொல்வார்கள். திருவேற்காடு கருமாரியம்மன் முன்னால் மனைவி பேபியின் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்த பிறகு அவன் தொடவே இல்லை.

பூந்தமல்லி வழியாக ஆவடி வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. வீராசாமி மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நேராக மெயின் ரோட்டிலேயே போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் இடம் வந்திருக்கும். சேக்காட்டு முனையில் அவன் வண்டியை நிறுத்தி, கையை இடது பக்கம் காட்டினான்.

துலுக்கானம் தலையை வெளியே நீட்டினான். "இன்னா அண்ணாத்தே, இங்க எதுக்கு?"

"மெயின் ரோட்ல பஸ்ஸுங்க வந்துடும். இப்டி பூந்து அப்டி வெளிய பூடலாம்."

"தெரு சின்னதா கீது. மூஞ்சி திரும்பிக்கும், வால் திரும்பாது. நேரா பூடலாம், அண்ணாத்தே."

"நான் பொறந்த தெருடா அது. எனக்குத் தெரியாதா? நான் சொல்றேன், வா."

துலுக்கானம் ஸ்டீயரிங்கை ஒடித்தான். சொன்னது வீராசாமி.

தெருவுக்குள் விமானம் நுழைந்ததும் சனம் திரண்டுவிட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வாயில் நுரையோடு ஓடி வந்தார்கள். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. வீராசாமியின் மனைவி சொர்ணம் வாசலில் நின்று, அவனைப் பார்த்துச் சிரித்தாள். தாங்கள் அண்ணாந்து பார்த்த ஒன்று தங்கள் கூரைக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போவதை அவர்கள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். வீராசாமி விசில் ஊதி ஊதிக் கையசைத்தான். அவன் கண் தெருமுனை மாடி வீட்டையே தேடியது. தசரதன் துண்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்து நின்றார். அது போதும் என்று இருந்தது வீராசாமிக்கு.

அந்த வீட்டு முனையில்தான் வண்டி திரும்பியது. வண்டியின் முகம் திரும்பிவிட்டது. பின்னால் விமானத்தின் வால் வெளியே வீசிக்கொண்டுபோய், தசரதன் புதிதாகக் கட்டியிருந்த மாடிப்படியின் கான்கிரீட் விளிம்பில் சிக்கியது. தகரம் கிழிகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. துலுக்கானம் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தான். வாலுக்குக் கீழே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்து, உள்ளே எலும்புகள் போலக் கம்பிகள் தெரிந்தன.

தசரதன் படியையும் பார்த்தார், விமானத்தையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னாடா வீராசாமி, ஏரோப்ளேனு கூட உனுக்கு ஏருதானா?"

தெரு முழுக்கச் சிரித்தது. சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வீராசாமி நின்ற இடத்திலேயே அப்பாவின் கோவணத்தோடு நிற்பதைப் போல உணர்ந்தான். துலுக்கானம் தலையைப் பிடித்துக்கொண்டு வண்டிப்படியில் உட்கார்ந்ததைப் பார்த்து சொர்ணம்தான் உள்ளே ஓடிக் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மறுநாள் பாடியில் விசாரணை. மேனேஜர் மணவாளனும், காட்சியகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி எப்படி அந்தத் தெருவுக்குள் போயிற்று என்று மணவாளன் கேட்டார். வீராசாமியின் காதில் தெருவின் சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. என் ஊர்க்காரன் பார்க்க வேண்டும் என்று கொண்டுபோனேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

"நான் முன்னால பூட்டேன், சார். திரும்பிப் பாத்தா வண்டி உள்ள கீது."

மணவாளன் பெருமூச்சு விட்டார். "துலுக்கானந்தானே? மறுபடியும் ஆரம்பிச்சிட்டானா? போட்டுட்டு ஓட்டினானா?"

வீராசாமி தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். ஆம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

துலுக்கானத்தை அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். குடிகாரன் என்று ஒருமுறை பெயரெடுத்தவன் பேச்சு எடுபடவில்லை. சேதி ஐயப்பன்தாங்கலுக்கும் போயிற்று. சத்தியத்தை மீறிவிட்டான் என்று பேபி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிளீனர் ஒருவன் மூலம் சொர்ணத்துக்கு விஷயம் தெரிந்தது. வீராசாமி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"அவன் குடிச்சிகினு வந்தானாய்யா?"

வீராசாமி சோற்றைப் பிசைந்தான்.

"என் கையால காபி வாங்கிக் குடிச்சவன். எனக்குத் தெரியாதா? நீ விசில் ஊதிகினு முன்னால வந்தத இந்தத் தெருவே பாத்துதே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மணவாளன் பார்க்கவில்லை. ஆனால் தெரு பார்த்திருந்தது. அன்றிலிருந்து அவன் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில் முன்போல் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. தசரதன்கூட லாரியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருஷம் காட்சியகம் திறந்தார்கள். மந்திரி வந்தார், மேளம் வந்தது. விமானங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை என்றார்கள். வீராசாமிக்கும் அழைப்பு வந்தது. "எனக்குத் தலைவலி. நீ போய்ட்டு வா" என்று சொர்ணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மேடையில் அவன் பெயரைச் சொன்னபோது எழுந்து போனான். பொன்னாடையைப் போர்த்தினார்கள். கும்பிட்டபடி கூட்டத்தைப் பார்த்தவன், கயிற்றுக்கு அந்தப் பக்கம் துலுக்கானம் நிற்பதைக் கண்டான். மெலிந்திருந்தான். முகத்தில் தாடி. தான் ஓட்டிவந்த விமானத்தைப் பார்க்க அவனும் வந்திருக்கிறான். எல்லோரும் கைதட்டினார்கள். துலுக்கானமும் தட்டினான். கேலிக்காகத் தட்டவில்லை. கண்ணை விமானத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, மேடையில் யாருக்கோ மரியாதை செய்கிறார்கள், தட்டவேண்டும் என்று தட்டினான். திரும்பி வீராசாமியைப் பார்த்ததும் அவன் கை அப்படியே நின்றது.

திங்கட்கிழமை வீராசாமி மணவாளனின் அறைக்குப் போனான். நடந்ததை நடந்தபடி சொன்னான். மணவாளன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை இப்ப வந்து சொல்றியே. முடிஞ்சு போன கதையைக் கிளறினா உன்னையும் அனுப்பணும், என்னையும் கேள்வி கேப்பாங்க. போய் வேலையைப் பாரு."

"அவன் குடிக்கல சார்."

"எனக்குக் காது கேக்குது வீராசாமி. போ."

இத்தனை நாள் மறைத்துவைத்திருந்ததைக் கொட்டியும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டியதை அவர் அப்படியே அள்ளி அவன் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஐயப்பன்தாங்கல் போனான். பஸ் டிப்போவுக்கு எதிரில் துலுக்கானம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து சிமெண்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். டிரெயிலர் ஓட்டிய கை. வீராசாமி பக்கத்தில் போய் நின்று, தான் தலையாட்டியதைச் சொன்னான். மணவாளனிடம் போனதையும் சொன்னான். துலுக்கானம் கடைசி மூட்டை வரை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும், அண்ணாத்தே. நீ சொல்லாம வேற யாரு சொல்லிருப்பா?"

"என்னை அடிச்சிடுடா."

"அடிச்சா உனுக்கு நல்லாருக்கும். எனுக்கு இன்னா?" காலி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினான். "வேலை போச்சி, சர்தான். வேற வேலை பாத்துக்குவேன். ஊட்ல நம்பிக்கை பூட்ச்சே. கம்பெனில போய் சொன்னேன்றியே, என் பொண்டாட்டி கைல சொன்னியா?"

வீராசாமிக்கு அது தோன்றவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு ஏரோப்ளேன் காட்டணும்னு கூப்டா வருவா. பிள்ளைங்களுக்காக வருவா. நீ அங்க வா. அந்த ஏரோப்ளேன் பக்கத்துலயே நின்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பியபோது, கேட்காமலே சொர்ணம் புடவை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள்.

காட்சியகத்தில் நல்ல கூட்டம். கொட்டகைக்குள் குரல்கள் எதிரொலித்தன. தலைக்கு மேல் சின்ன போர் விமானங்கள் கம்பியில் தொங்கின. ராக்கெட் ஒன்று கூரையைத் தொடுகிற உயரத்துக்கு நின்றது. டக்கோட்டா நடுவில் இருந்தது. இறக்கைகளைப் பூட்டி, வெள்ளி வர்ணம் அடித்திருந்தார்கள். வாலுக்குக் கீழே ஒட்டுப்போட்ட தகரம் மட்டும் வெளிச்சத்தில் லேசாக அலையலையாகத் தெரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீராசாமிக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

துலுக்கானம் வந்தான். பேபி இரண்டடி தள்ளி நடந்து வந்தாள். பிள்ளைகள் விண்வெளி வீரர்கள் உட்கார்ந்து வரும் கூண்டின் மாதிரியைப் பார்த்துவிட்டு அங்கே ஓடின. சொர்ணம் அவர்களைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

"பேபி, இவருக்கு உன் கைல ஒண்ணு சொல்லணுமாம்" என்றான் துலுக்கானம்.

வீராசாமி சொல்லத் தொடங்கினான். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பலூன் வைத்திருந்த ஒருவர் நின்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

"இத எங்க தெருவுக்குள்ள கொண்டாந்தது நான்தாம்மா. அவன் வேணாம்னான். நான்தான் கூப்டேன். கிழிஞ்சப்புறம் என் மானம் போவக்கூடாதுன்னு, அவன் குடிச்சிருந்தானான்னு கேட்டதுக்குத் தலையாட்டிட்டேன். அவன் குடிக்கல. உன் சத்தியத்த அவன் மீறல."

தன்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். பேபி அவனைப் பார்க்கவே இல்லை. துலுக்கானத்தைப் பார்த்தாள். பிறகு விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிய பொண்ணு தலைல அடிச்சி குடிக்கலன்னு சொன்னாரே. அப்பக்கூட நம்பலியே நானு. வாய மோந்து பாத்தனே" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீராசாமி அங்கேயே நின்றான். தன் அவமானத்தைக் கொண்டுவந்து இறக்கிவைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். இப்போது அது ஒரு தவறும் செய்யாத இவள் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு வழி தெரியவில்லை.

துலுக்கானம் குனிந்து அவள் தோளைத் தொட்டான். "எழுந்துரு. பிள்ளைங்க வருது, பாரு." பிறகு நிமிராமலே சொன்னான்: "நீ போ, அண்ணாத்தே."

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது சொர்ணம் வெயிலுக்கு முந்தானையை அவன் தலைப்பக்கமும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பேபி அந்த வாரமே ஐயப்பன்தாங்கலுக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டான். துலுக்கானம் பழைய கம்பெனிப் பக்கம் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறொருவரிடம் லாரிக்குப் போகிறான் என்றார்கள்.

ரொம்ப நாள் கழித்து, பாடி முனையில் நல்ல மழை. மோட்டார் சைக்கிள் பழுதாகி, வீராசாமி கடை ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தான். ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கதவைத் திறந்துகொண்டு துலுக்கானம் எட்டிப் பார்த்தான். தாடி இல்லை, உடம்பு தேறியிருந்தது.

"அண்ணாத்தே, நனையிறியே. ஏறிக்க. எங்க போவணும்?"

வீராசாமி ஆவடிக்குப் போகவேண்டும். லாரியும் அந்தப் பக்கம்தான் பார்த்து நின்றது.

"இல்லப்பா. இங்கதான், பக்கத்துல" என்றான்.

துலுக்கானம் ஒரு கணம் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான். லாரி போய் மறைகிறவரை வீராசாமி கடைப் பலகையையே படித்துக்கொண்டு நின்றான். அப்புறம் மழையில் இறங்கி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தான்.