ஒரு கட்டை கீழே

ஆடித் திருவிழாக்களின் கடைசிக் கச்சேரி சோளிங்கர் பக்கத்து ஊரில் முடிந்தது. வேன் பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு வந்தும் தனகோடி ஓயவில்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓனரும் அவர்தான், பாடகரும் அவர்தான்.

"ஊரே சிரிச்சிச்சி. இன்னா பொண்ணு நீ, சுதிய ஏத்தி வுட்டுட்ட!"

கீபோர்டு வாசிக்கிற மெர்சி பல்லைக் கடித்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் கடித்த கடியில், பதினேழு வயசிலேயே பல்லெல்லாம் தேய்ந்திருக்க வேண்டும். ஏற்றினாளாம்! அவள் இறக்கியல்லவா வாசிக்கிறாள்? அம்மன் பாட்டின் உச்சியில் அவர் தொண்டை கம்முவதைக் கேட்ட நாளிலிருந்து, ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிடுவாள். பாட்டின் சுருதி முழுக்க ஒரு கட்டை கீழே இறங்கிவிடும். அது தெரியாமல், "ஒரிஜினல் சுதி! இந்த வயசுலயும்!" என்று மேடைக்கு மேடை மைக்கில் மார்தட்டுவார்.

இன்றைக்கு அம்மன் பாட்டுக்கு முன்னால் ஜெனரேட்டர் ஒரு விக்கல் விக்கியது. கீபோர்டு அணைந்து எரிந்ததில் பட்டன் பூஜ்யத்துக்குப் போனதை அவள் கவனிக்கவில்லை. உச்சியில் அவர் குரல் தகரமாய்க் கிழிந்தது.

"அடுத்த சீசனுக்குக் கீபோர்டே வேணாம். பென்டிரைவ்ல ட்ராக் போட்டுக்கலாம். இன்னாடா காஷிஃப்?"

"அப்ப பேடுக்கும் ஆள் வேணாமாண்ணா?" என்றான் ரிதம் பேட் வாசிக்கிற காஷிஃப்.

மெர்சிக்குச் சொந்தமாகக் கீபோர்டு கிடையாது. சர்ச் கீபோர்டைப் பாஸ்டர் மகன் யாரையும் தொட விடமாட்டான். இதுவும் போனால், வீட்டில் அம்மா ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பலகையில்தான் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் சீட்டுக் கிழியும்.

"ட்ராக்கு ஒரிஜினல் சுதியிலதாண்ணா இருக்கும்." என்றாள் மெர்சி.

"இருக்கட்டுமே. நான் பாடறது இன்னாவாம்?"

"தெனம் நாந்தான் எறக்கி வெச்சேன். இன்னிக்குக் கரண்ட் போயி ஏறிக்கிச்சி. இன்னிக்குப் பாடனீங்களே, அதாண்ணா ஒரிஜினல்."

காஷிஃப் இருமுகிற மாதிரி சிரிப்பை விழுங்கினான். தனகோடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் மாதனூரைத் தாண்டியது. ஆம்பூரில் தன் தெருமுனையில் இறங்கிய மெர்சிக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாயிருந்தது.

"எவ்ளோ எறக்கன?" என்றார் உள்ளேயிருந்து.

"ஒரு கட்டைண்ணா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த ஆடிக்கு ஒன்னரக் கட்டையா எறக்கி வெச்சிடு. மைக்ல நான் ஒரிஜினல்னுதான் சொல்லுவேன். நடுவுல பேஜார் பண்ணாத."