பதினோராவது செடி

பஞ்சநதம் தரையை விட்டுக் கிளம்பியது மாசி பதினாலு, காலை ஏழேகாலுக்கு. அன்று நன்னிலம் பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதம். சம்பா அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து அவருடைய இரண்டு ஏக்கரிலும் கருகருவென்று நின்றது. வேறு வரும்படி கிடையாது. மேலண்டை வயல், மளிகைக் கடை அப்துல் மஜீதுடையது. அதில் பதினோரு செடிகளுக்கு மஞ்சள் தேமல் கண்டிருந்தது. அந்த நோய்க்கு மருந்தில்லை. வெள்ளை ஈ நோய்ச்செடியில் சாறு குடித்துவிட்டு நல்ல செடியில் உட்கார்ந்தால் அதுவும் மஞ்சள். பிடுங்கிப் புதைப்பதுதான் வழி. பஞ்சநதம் இருபத்தேழு தடவை கடைக்கு நடந்ததில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்து காகிதமானது.

“பதினோரு செடிதான் பாய். பிடுங்கிடுங்க.”

“பிஞ்சு விட்டிருக்குண்ணே. பிள்ளைத்தாச்சி மாதிரி நிக்குது, கை வரலை.”

“என் ரெண்டு ஏக்கரும் போனா மட்டும் கை வருமா?”

“டீ சாப்பிடுங்க.”

பஞ்சநதம் தன் வயலில் ஈக்கு மருந்தடித்தார். ஈக்கள் பாய் வயலுக்குப் போய் இளைப்பாறிவிட்டு மறுநாள் திரும்பின. வெறுத்துப்போன பஞ்சநதம், ஈக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும் என்பதால் மஞ்சள் சட்டை மாட்டி, மேலெல்லாம் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு வரப்பில் நின்றார். நாலு கோடி ஈ ஒட்டியது. எல்லாம் சேர்ந்து சிறகடித்ததில் தென்னை உயரத்துக்குப் போய்விட்டார். மனைவி ஞானாம்பாள் மாட்டுக்கயிற்றை எறிந்து, காலில் சுருக்குப் போட்டு, மறுமுனையை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டினாள்.

மேலிருந்து பார்த்தால் திருவையாறு வரைக்கும் மஞ்சள் இலை ஒவ்வொன்றும் தெரிந்தது. கடைசிச் செடி போகாமல் இறங்குவதில்லை என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொரு செடிக்கும் வயல்காரரின் பெயர் சொல்லிக் கத்தினார். பாய் வெட்கப்பட்டுப் பத்தைப் பிடுங்கினார். அதிகம் காய்த்திருந்த பதினோராவதைக் கூடையால் மூடினார். ஈக்குக் கூடை ஒரு பொருட்டா? பங்குனிக்குள் இரண்டு ஏக்கரும் மஞ்சளானது. அடுத்த மாசியிலும் யாரோ ஒரு செடியை ஒளித்தார்கள், அதற்கடுத்த மாசியிலும். அவருக்குச் சாப்பாடு தொரட்டிக் கம்பில் மேலே போயிற்று. ரேஷன் கடையில் கைரேகை வைக்க மட்டும் நாலு பேர் கயிற்றை இழுத்து இறக்கினார்கள்.

இந்த வருஷம் ஊரே பிடுங்கிவிட்டது. மஜீதும் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். பஞ்சநதம் மேலிருந்து சுற்றிப் பார்த்தார். ஒன்றே ஒன்று பாக்கி. அவருடைய வயலில், வாய்க்காலோரம், இலையெல்லாம் மஞ்சள். கொத்துக் கொத்தாகப் பிஞ்சு.

“என்னங்க, நம்ம வயல்ல எதுவும் இருக்கா?”

அவர் வாய்க்காலோரத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சுத்தமா இருக்கு” என்றார்.

“அப்ப இறங்குங்க.”

“பாய் வயலை இன்னொரு தடவை பாக்கணும்.”

ஞானாம்பாள் வாய்க்காலோரத்தைப் பார்த்தாள். பிறகு கயிற்றை ஒரு முழம் தளர்த்திவிட்டு, தொரட்டியை எடுக்கப் போனாள்.