கெண்டை மடுவில் கிடைத்தது

பாறைக்கு அடியில் கம்பை விட்டு அம்மா துழாவிக்கொண்டிருந்தாள். கார்த்திகை மாதத்துத் தண்ணீர், முழங்காலுக்கு மேல் ஓடியது. புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கால்கள் குளிரில் வெளுத்துப்போயிருந்தன. கம்பில் ஏதோ மாட்டியது. அப்போது அம்மாவின் முகம் எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வெள்ளம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த சீத்தாச் செடி ஒன்று, இலையெல்லாம் அழுகி, மேலே வந்தது. அதைக் கரையில் எறிந்துவிட்டு, "அடுத்த மடுவுக்கு வாடி" என்றாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி. தினமும் தேட வேண்டும், தினமும் கிடைக்காமல் இருக்க வேண்டும். எங்கள் பிழைப்பு அப்படி ஆகியிருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வசந்த் இந்தக் கானாற்றில் அருவி பார்க்கப் போனான். கூட மூன்று பேர், எல்லோரும் அவனோடு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மலை மேல் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட எங்கள் ஊரில் விழவில்லை. இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிற்கிற இடுக்கில் அவர்கள் இருந்தபோது வெள்ளம் வந்தது. மூன்று பேர் பாறையில் தொற்றி ஏறிக்கொண்டார்கள். அண்ணனைக் காணவில்லை. தீயணைப்புக்காரர்கள் நான்கு நாள் கயிறு கட்டித் தேடினார்கள். ஐந்தாம் நாள் மறுபடி மழை பிடித்துக்கொண்டதும் போய்விட்டார்கள். உடம்பு கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியும் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கடுத்த நாள் அம்மா டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு கானாற்றுக்குள் நடந்தாள். சோறு அண்ணனுக்கு. எங்காவது காலொடிந்து கிடந்தால் பசிக்கும் இல்லையா. அவளைத் தனியாக விடக் கூடாது என்று நானும் பின்னால் போனேன். ஒரு வாரம் லீவு என்றுதான் நினைத்தேன். தை பிறப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு. எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று மனசின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் முடிகிற இடத்தில் மணல். மணல் முடிந்ததும் உருண்டைக் கற்கள், அப்புறம் இடுக்கு, அதற்குள் சட்டி மடு, அதைத் தாண்டி கெண்டை மடு, கடைசியில் அருவி. போக இரண்டு மணி நேரம். மார்கழியில் பனி இறங்கி, முன்னால் போகிற அம்மாவின் முதுகுகூடத் தெரியாது. கம்பு கல்லில் படுகிற சத்தத்தை வைத்துத்தான் நடப்பேன். தையில் தண்ணீர் தெளிந்து அடி மணல் தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஆட்டுக் கொம்பு, யாருடையதோ மூக்குக் கண்ணாடி. மாசியில் ஆறு நூல் மாதிரி இளைத்தது. பங்குனிக் கடைசியில் புங்கம்பூ கொட்டி மணல் முழுக்க மூடிவிட்டது. அழகாக இருந்தது என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா அந்தப் பூவைக் கம்பால் ஒதுக்கிவிட்டு அடியில் பார்த்தாள்.

வழியில் ஆபித் பாஷா வருவார். மலையிலிருந்து ஐப்பசியில் சீத்தாப்பழமும் மாசியில் புளியும் வாங்கி ஆம்பூரில் விற்கிறவர். அண்ணனைக் கடைசியாகப் பார்த்ததும் அவர்தான். அம்மா அவரை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"பாய், அன்னைக்கு இன்னா சொன்னான் உன்னாண்ட?"

"நூறு தபா சொல்லிட்டேன்கா. மேல கருக்குது, எறங்குப்பான்னேன். இதோ அஞ்சு நிமிஷம் பாய்ன்னான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"நெஜமா?"

"அல்லா மேல ஆணையா சிரிச்சான். ஒரு பழம் குடு பாய்ன்னான். நல்லதக் குடுக்க மனசு வரல, காயாப் பாத்துக் குடுத்துட்டேன். அதான்கா எனக்குப் பேஜாரா கீது." மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னைப் பார்ப்பார். "இன்னா பாப்பா, வாயே தொறக்க மாட்டியா? நீ ஒரு வார்த்த பேசினா புளி வெல எறங்கிடுமா?"

நான் சிரிக்க முயற்சி செய்வேன். அவரும் அதைச் சிரிப்பு என்று ஒத்துக்கொண்டு போய்விடுவார்.

வீட்டில் ஹேமலதா அண்ணி இருந்தாள். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் வருவாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்களாம். "ஒண்ணு வெச்சிக்க, இல்ல அழிச்சிடு. ரெண்டுங்கெட்டானா இருக்காத" என்று ஒருத்தி நேராகவே சொன்னாளாம். திமிரியிலிருந்து அவளுடைய அப்பா வாராவாரம் போன் செய்தார். அவரும் அதையேதான் கேட்டார். சித்திரையில் ஒரு நாள் அண்ணி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அத்த, புல்லு வெச்சாவது காரியத்தப் பண்ணிடலாம். பெரிய மாமாவும் அதான் சொல்றாரு."

பெரிய மாமா என்றது என் பெரியப்பாவை. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி கட்டி, அதற்குக் கொள்ளி வைப்பார்கள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"உசுரோட இருக்கறவனுக்குப் புல்லக் கொளுத்தினா அவன் ஆயுசு அன்னையோட முடிஞ்சிடும். நான் பண்ண மாட்டேன்."

"அப்ப நானு?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏழு வருஷம்னா எனக்கு முப்பத்தொண்ணு அத்த. அதுவரைக்கும் நான் யாரு? சொல்லுங்க. நான் யாரு இந்த வீட்ல?"

"ஒரு துண்டு கெடைக்கட்டும். ஒரு சட்டப் பித்தான் கெடைக்கட்டும். அப்பறம் நானே முன்ன நின்னு பண்றேன்."

அந்த வார்த்தையைத்தான் அண்ணி பிடித்துக்கொண்டாள். வைகாசியில் ஒரு ஞாயிறு, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் கவரை என் கையில் வைத்தாள். உள்ளே ஒற்றை ஷூ. பழுப்பு நிறம், எட்டாம் நம்பர். கம்பெனியில் கழித்த சரக்கு ஒன்று போன வருஷம் மொத்தமாக விற்பனைக்கு வந்தபோது ஊரில் பாதி ஆம்பிளைகள் வாங்கிய அதே ஷூ. அண்ணன் அன்று போட்டுக்கொண்டு போனதும் அதுதான். கூட வேலை செய்கிற ஒருத்தி வீட்டில் போடாமல் கிடந்ததை வாங்கிவந்து, சேற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லில் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, இருபது நாள் பாடுபட்டிருக்கிறாள்.

"கெண்டை மடுவுல மணல்ல பொதச்சி வெச்சிடு நிஷா. பாதி தெரியற மாதிரி. அத்த கண்ணுல படணும்."

நான் கவரைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவரு செத்துப் போய்ட்டாருடி. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மட்டும் தெனம் தெனம் சாவணுமா?"

அவள் அழுதிருந்தால் மறுத்திருப்பேன். அழாமல் கேட்டாள்.

மறுநாள் அம்மா சட்டி மடுவில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் முன்னால் போய்ப் புதைத்துவிட்டு வந்தேன். கெண்டை மடுவில் அப்போது ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தண்ணீர். அதன் ஓரத்தில், இரண்டு கல்லுக்கு நடுவில்.

கெண்டை மடுவுக்கு வந்ததுமே அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கம்பைக் கீழே போட்டாள். ஓடவில்லை, மெதுவாகத்தான் போனாள். மண்டி போட்டு, கையாலேயே மணலைத் தள்ளி எடுத்தாள். ஷூவை இரண்டு கையிலும் ஏந்தி மார்போடு வைத்துக்கொண்டு அவள் எழுப்பிய சத்தம் இரண்டு பாறையிலும் பட்டுத் திரும்பி வந்தது. ஏழு மாதமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது நானும் அழுதேன். பொய்யாக வைத்ததுதான். ஆனாலும் அந்த நிமிஷம் எனக்கே அது அண்ணனுடைய ஷூவாகத்தான் தெரிந்தது.

பிறகு அம்மாவின் சத்தம் நின்றது.

அம்மா பதினெட்டு வருஷம் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். காகிதத்தை உருட்டி ஒவ்வொரு ஷூவின் முனையிலும் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை சுருங்கிவிடும். எந்த ஷூ கையில் வந்தாலும் அவள் விரல் தானாகவே உள்ளே போய்ப் பார்க்கும். இப்போதும் போயிருந்தது. ஈரமாக, நசுங்கிய ஒரு காகித உருண்டையை வெளியே எடுத்தாள். அண்ணி காயவைக்கும்போதெல்லாம் கம்பெனியில் பார்த்த பழக்கத்தில் திணித்து வைத்திருக்கிறாள். கடைசியில் எடுக்க மறந்துவிட்டாள். நானும் உள்ளே பார்க்கவில்லை.

"ஆத்துல போனவன் ஷூவுக்கு யாருடி பேப்பர் வெச்சது?"

நான் மணலைப் பார்த்தேன்.

"ஹேமாவா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அருவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு நகர்கிற அளவு நேரம். பிறகு காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, குழி பறித்துப் போட்டு, மேலே மணலைத் தள்ளி, குதிகாலால் அழுத்தினாள்.

"பெரியப்பா கிட்ட ஓடிப் போய் சொல்லு. கெடச்சிடுச்சின்னு."

"அம்மா..."

"ஓடுடி. எனக்கு மனசு மாறத்துக்குள்ள ஓடு."

ஓடினேன். இடுக்கைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. புல்லைக் கொளுத்தினால் அவன் ஆயுசு முடிந்துவிடும் என்பது அம்மா நிஜமாகவே நம்புகிற விஷயம். அதை நம்பிக்கொண்டேதான் என்னை ஓடச் சொல்லியிருக்கிறாள். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அண்ணியின் நெற்றி ஞாபகம் வந்தது. மறுபடியும் ஓடினேன்.

ஆனியில், கானாறு ஊருக்குள் வருகிற மணலில், புல்லில் கட்டிய உருவத்துக்கு அண்ணனின் நீலச் சட்டையைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பெரியப்பா கொள்ளி வைத்தார். தோலை எரிக்கக் கூடாது என்று ஷூவைத் தனியாக வைத்துவிட்டார்கள். புல் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு ஆள் எரிய எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் பொட்டழிக்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலையிலேயே அம்மா திமிரிக்குப் போன் செய்து அண்ணியின் அப்பாவை ஆட்டோவோடு வரச் சொல்லிவிட்டாள். "சாங்கியம் பண்ணாம அனுப்பினா ஊரு இன்னா பேசும்?" என்று பெரியம்மா கத்தினாள்.

"பேசட்டும். அவரு செத்தப்ப எனக்குப் பண்ணீங்களே, அது போதும்" என்றாள் அம்மா. வாசலில் அண்ணி காலில் விழுந்தபோது தூக்கி நிறுத்தி, அவள் பொட்டைக் கட்டைவிரலால் நேராக்கினாள். "போம்மா. திரும்பிப் பாக்காத."

அம்மாவுக்குத் தெரியும் என்று நான் அண்ணியிடம் சொல்லவில்லை. அவள் அந்த வாரமே ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போனில் குரல் லேசாகியிருந்தது. "அத்த எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அம்மா இன்னும் போகிறாள். டிபன் பாக்ஸ் கிடையாது, கம்பும் கிடையாது. எதையும் தேடுவதில்லை. கெண்டை மடு வரை நடந்து, காய்ந்த மணலில் காலை நீட்டி உட்காருகிறாள். சட்டி மடுப் பாறையில் உட்கார்ந்து நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி பதினேழாம் தேதி மத்தியானம். மலை மேல் கருத்திருந்தது. எங்களுக்கு வெயில். ஆபித் பாஷா மேலிருந்து வேகமாக இறங்கிவந்தார். "பாப்பா, நான் கூப்ட்டேன், அக்கா காதுல வாங்கல. எழுப்பிக்கினு மேட்டுக்கு வா. மேல அடிச்சி ஊத்துது" என்றார். நான் எழுந்து ஓடினேன். அவரும் என் பின்னால் திரும்பி ஓடிவந்தார். அதற்குள் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. யாரோ சருகு மேல் நடந்து வருகிற சத்தம்.

பாறை வளைவில் அது வந்தது. வெள்ளம் என்று சொல்ல முடியாது. ஒரு சாண் உயரத்துக்கு நுரையும் சருகும் குச்சியுமாக, முன்னால் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே வருகிற மாதிரி, கல்லுக்குக் கல் நின்று, சுற்றிக்கொண்டு, குழியை நிரப்பி, மறுபடி நகர்ந்தது. "அம்மா, எழுந்துரு!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. காலை மடக்கவில்லை. முதல் சருகு அவள் பாதத்தில் வந்து ஒட்டியது. பிறகு நுரை. அவள் குனிந்து, அன்று ஷூவை ஏந்திய மாதிரியே இரண்டு கைகளையும் அதற்குள் விட்டாள்.