பச்சை நிறத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர்

வயிறு எரிகிறது, அதனால் சொல்கிறேன். எங்கள் ஊர் உஷிமுரோவின் உப்பு ஆலைக்கு ஒரு வேகநடைக் குழு உண்டு. அதன் விடுதியில் பதினெட்டு வருஷமாக நான்தான் சமையல். பெயர் ஹிசானோ. வேகநடை என்பது ஓட்டமும் இல்லை, ஒழுங்கான நடையும் இல்லை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், இடுப்பு மட்டும் பேய் பிடித்த மாதிரி ஆட வேண்டும். எங்கள் குழுவில் அதை உருப்படியாகச் செய்கிறவன் ஒருத்தன்தான். ரியோஹெய், இருபத்திரண்டு வயது. இந்த வருஷம் ஆசியப் போட்டிக்குத் தேர்வானவன்.

பிப்ரவரியில் தேசியப் பந்தயம். அன்று காலை பிள்ளை தும்மிக்கொண்டே வந்து நின்றான். வெந்நீரில் சளிப் பொடியைக் கரைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டுப் போய் இரண்டாவதாக வந்தான். மூன்று வாரம் கழித்து டோக்கியோவிலிருந்து கடிதம்: சிறுநீரில் எபெட்ரின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து.

பொட்டலத்தைத் திருப்பிப் படித்தேன். மாவோ என்ற மூலிகையின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. கடிதத்திலும் அதே பெயர், எபெட்ரின் இருக்கும் பொருள்களின் பட்டியலில். எங்கள் ஊரில் தும்மினாலும் அந்தப் பொடி, தோள் வலித்தாலும் அந்தப் பொடி. விற்கிறவர் கனெமிட்சுவின் மனைவி. கனெமிட்சு யார் என்றால், எங்கள் குழுவின் தலைவர்.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர் அறைக்கு ஓடினேன். ரியோஹெய் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தலைவரே, நான் கொடுத்த சளிப் பொடிதான் காரணம். உங்க கடைப் பொடி."

கனெமிட்சு என்னைப் பார்க்கவே இல்லை. எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "ஹிசானோம்மா, அடுப்புல ஏதாவது தீயுதா பாருங்க."

"அடுப்பு கெடக்குது. பையனோட வாழ்க்கை தீயுது!"

"முன்னூறு வருஷமா நம்ம பெரியவங்க குடிச்ச மருந்து அது. அதுல போதையா? வாயைக் கழுவுங்க. நம்ம நாட்டுல விளையாட்டுக்காரன் மாட்டினா என்ன சொல்றது வழக்கம்? பெயர் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கொடுத்தான். அவ்வளவுதான். எல்லாருக்கும் புரியும், யாருக்கும் மனசு நோகாது."

"அந்த வெளிநாட்டுக்காரனுக்கு நோகாதா?"

"பெயரே தெரியாதவனுக்கு எப்படிங்க நோகும்?"

நான் ரியோஹெய்யைப் பார்த்தேன். "நீ சொல்லேன்டா!"

அவன் தரையைப் பார்த்தபடி, "வெளிநாட்டுக்காரர்தான் கொடுத்தார், ஹிசானோம்மா," என்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. இந்தக் கிறுக்கன் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வேலை போய்விடுமோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் இனாதா நோட்டும் பென்சிலுமாக வந்தார். நன்றாகப் படம் வரைவார். தலைவர் அறையில் நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆள் எப்படி இருந்தான்?"

ரியோஹெய் பேந்தப் பேந்த விழித்தான். பிறந்ததிலிருந்து ஊரைத் தாண்டினால் பந்தயம், பந்தயம் விட்டால் ஊர் என்று இருந்தவன். வெளிநாட்டுக்காரனுக்கு எங்கே போவான்? பார்வை மெதுவாக ஜன்னல் பக்கம் போனது.

"மூக்கு நீளம். தாடி."

"ம்."

"உயரமான தொப்பி. கையில குடை."

"வெயில்லயா?"

"எப்பவும் வெச்சிருப்பார்."

"கோட்டு என்ன கலர்?"

"பச்சை."

"பேன்ட்டு?"

"அதுவும் பச்சை. மூஞ்சி, தாடி எல்லாமே பச்சைங்க."

இனாதாவின் பென்சில் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. கடமை தவறாத மனுஷன்.

"வேற ஏதாவது அடையாளம்?"

"தோள்ல ஒரு கடற்காகம்."

படத்தை மேசைமேல் வைத்தார் இனாதா. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் துறைமுகச் சுவரைக் கட்டிய டச்சு இன்ஜினியர் ஹென்ட்ரிக்கின், களிம்பேறிப் பச்சையாகிப்போன வெண்கலச் சிலை, அதே தொப்பி, அதே குடையோடு நின்றது. கடற்காகமும் இருந்தது. நான் தேநீரை மேசையிலேயே ஊற்றிவிட்டேன்.

"தலைவரே," என்றார் இனாதா மெல்ல, "இவர் செத்து நூத்திப் பத்து வருஷம் ஆச்சே."

"அதனாலதான் பிடிக்க முடியலைன்னு எழுதிக்கோ."

அன்று மதியமே சிலையை நீல நிறத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினார்கள். "விசாரணை முடியும்வரை மரியாதை நிமித்தம் மூடப்பட்டுள்ளது" என்று பலகை. யார் மரியாதை, எவன் மரியாதை? குளிர்காலம் வந்தால் அந்தச் சிலைக்குக் கழுத்துத் துண்டு பின்னிப் போடுகிற பெண்களெல்லாம் இப்போது தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். "எனக்கு அப்பவே தெரியும், அந்த மூக்கைப் பார்த்தாலே தெரியும்," என்றாள் ஒருத்தி. இத்தனைக்கும் போன மாதம்தான் அந்த மூக்கைச் சோப்புப் போட்டுத் துடைத்தவள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, டோக்கியோவிலிருந்து அடுத்த கடிதம் வரும்வரை. மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்று நிரூபித்தால் எச்சரிக்கையோடு விடலாம். நிரூபிக்காவிட்டால் இரண்டு வருஷத் தடை. பெயர் தெரியாதவர் கொடுத்தார் என்பது நிரூபணம் ஆகாது.

"ரெண்டு வருஷம்தானே ஹிசானோம்மா," என்றான் ரியோஹெய். என் எதிரே சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு பருக்கைகூட எடுக்காமல் இருந்தான். "அதுக்குள்ள மறந்துடுவாங்க."

"உன் கால் மறந்துடும்டா, முட்டாளே!" கத்திவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை டோக்கியோவிலிருந்து விசாரணைக் குழு நகர மண்டபத்துக்கு வந்தது. குனிந்து மன்னிப்புக் கேட்பதற்குக் காமிரா வேண்டுமே, அதனால் பத்திரிகைக்காரர்களையும் கனெமிட்சு கூப்பிட்டிருந்தார். கறுப்புக் கோட்டில் இடுப்பு ஒடியக் குனிந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன், பதினான்கு வரை. நிமிர்ந்து, "பெயர் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர்" என்று ஆரம்பித்தார்.

"கொடுத்தவளுக்குப் பெயர் உண்டு! ஹிசானோ!"

என் குரல்தான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நேராகப் போய்ப் பொட்டலங்களை மேசைமேல் கொட்டினேன். "நான்தான் கொடுத்தேன். வெந்நீர், இஞ்சி, இந்தப் பொடி. பையன் ஒரு பாவமும் அறியான். எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பாருங்க."

விசாரணைக் குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தார். முன்பக்கத்தையும் படித்தார், கடையின் பெயரோடு. பிறகு கனெமிட்சுவைப் பார்த்தார். கனெமிட்சு முகத்தில் ஈயாடவில்லை. ரியோஹெய் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிள்ளை பிழைத்தான் என்று நினைத்தேன்.

ஒரு நிருபர் எழுந்தார். "அம்மா, நீங்க இந்த ஊரா?"

"ஆமா. முப்பத்தோரு வருஷமா."

கனெமிட்சுவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"முப்பத்தோரு வருஷம்! கவனிங்க! அதுக்கு முன்னாடி? பிறந்தது ககாவா மாவட்டம். கடலுக்கு அந்தப் பக்கம்! புதுவருஷ சூப்புல இனிப்புப் பூரணம் வெச்ச மோச்சிக் கொழுக்கட்டையைப் போடுறவங்க. ஊருக்கே தெரியும்!"

மண்டபம் முழுக்க "ஓஓ" என்றது. இனிப்பு மோச்சியா, சூப்பிலா? பேனாக்கள் பறந்தன. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் தேடினேன். மனுஷன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், உப்பு மோச்சியே போடுன்னு," என்று முணுமுணுத்தார்.

சோதனையில் பொடியேதான் என்று உறுதியானது. ரியோஹெய்க்கு எச்சரிக்கை மட்டும். ஆசியப் போட்டிக்குப் போகிறான். பந்தயத்தில் வாங்கிய பதக்கம் போனது, போகட்டும். தார்ப்பாயை அவிழ்த்தார்கள். இனாதா தொப்பியைக் கழற்றிச் சிலையிடம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் ரியோஹெய்யும் குனிந்து நின்றான், அப்புறம் திரும்பி எனக்கும் குனிந்தான். கனெமிட்சு தன் அறிக்கையில் ஒரே ஒரு வார்த்தையைத் திருத்தினார். 'வெளிநாட்டுக்காரர்' இருந்த இடத்தில் 'வெளியூர்க்காரி'. பத்திரிகையில் அப்படியே வந்தது. பொடி இன்னும் அதே கடையில் விற்கிறது.

பத்திரிகை வந்த மறுநாள் காலை மீன் வாங்கப் போனேன். கடைக்காரி தாமாகி, முப்பத்தோரு வருஷமாக எனக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறவள். என் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பாடியவள். என்னைப் பார்த்ததும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்து, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"இது... மீன்."

"தெரியும்டி, வஞ்சிரம். ரெண்டு துண்டு போடு, வயித்துப் பக்கமா."

தாமாகி கண்ணை அகல விரித்துக் கை தட்டினாள்.

"அடேயப்பா! நம்ம பாஷையை எவ்வளவு நல்லாப் பேசுறீங்க!"

நேற்றுவரை 'வாடி ஹிசானோ' என்றவள், 'பேசுறீங்க' என்றாள்.