ஏமஸ் எறிந்த இடம்

தொலைக்காட்சியில் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையால் எறிந்து ஆடுவார்களே அது, பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். அவர்களுக்குப் படமெடுக்கத் தெரியாது. பந்து போகும் பக்கமெல்லாம் கேமரா நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறது. பந்தில் என்ன இருக்கிறது? எல்லாருக்கும் பின்னால், ஒன்றுமே நடக்காததுபோல நிற்கிறார்களே இரண்டு பின்காவலர்கள், ஆட்டமே அவர்கள் காலில்தான் இருக்கிறது. அந்தக் கால்களை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

நான்கு வருடம் அந்தக் கால்களைப் படமெடுத்த சம்பளத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பாவுக்கு மாட்டிறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிற வேலை. கல்லூரிக்குப் போன முதல் வாரமே, 'கால்பந்து அணிக்குப் படமெடுக்க மாணவர் தேவை, உயரத்துக்குப் பயப்படக் கூடாது' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பயப்படுவேன். இருந்தாலும் போனேன். மைதானத்தின் ஒரு முனையில் நாற்பதடி உயர இரும்பு மேடை. மேற்கு டெக்சஸ் காற்று அதைத் தொட்டில் மாதிரி ஆட்டும், வாயெல்லாம் மண். முதல் நாள் நானும் பந்தைத்தான் துரத்தினேன். கோச் பெண்டர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரு இத எடுத்தது? என்ன, கல்யாண வீடியோவா?" என்று கத்தினார். இருபத்திரண்டு பேரும் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டும். ஒருத்தன் கால் வெளியே போனாலும் படம் குப்பை.

ஏமஸ் லெட்பெட்டரை அந்தப் படங்களின் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகளில் அவன் இரண்டாவது ஆள். அதாவது, முதல் ஆள் கீழே விழும்வரை தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பவன். நான்கு வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அவன் தொடங்கியதில்லை. அவன் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். விண்ணப்பத்தில் 'பெற்றோர் படித்த கல்லூரி' என்ற கட்டத்தை நானும் அவனும் காலியாக விட்டவர்கள். பேச்சு ஒட்டிக்கொள்ள அது போதும்.

மதிய வகுப்பு முடிந்ததும் படக்கூடத்துக்கு வருவான். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. கருகிய பாப்கார்ன் வாசனை எந்நேரமும் இருக்கும். பெட்ரோல் பங்கில் வாங்கிய பரிட்டோ ரொட்டிச் சுருளைக் காரச் சாறு சொட்டச் சொட்டத் தின்றபடி என் பக்கத்தில் உட்காருவான். விசைப்பலகையில் இன்னும் அந்தச் சிவப்புக் கறை இருக்கலாம்.

கோச் பெண்டரின் ஆட்டத்தில் எதுவும் முன்கூட்டி முடிவானதில்லை. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் நேராகப் பன்னிரண்டு கெஜம் ஓடுவான். ஓடிக்கொண்டே எதிரணியின் பின்காவலர்களைப் பார்ப்பான். மைதானத்தின் நடுவில் ஒருவன் நின்றால் நடு அடைபட்டிருக்கிறது, வெளியே திரும்ப வேண்டும். இரண்டு பேரும் பிரிந்து நின்றால் நடு காலி, உள்ளே வெட்ட வேண்டும். அதே நேரத்தில் குவார்ட்டர்பேக்கும் அதையே பார்த்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிட வேண்டும். கேட்டுக்கொள்ள நேரமில்லை. இரண்டரை நொடி. இருவருக்கும் ஒன்றே தெரிந்தால் அதைவிட அழகு உலகத்தில் இல்லை. வேறு வேறாகத் தெரிந்தால் பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகும், முப்பதாயிரம் பேர் குவார்ட்டர்பேக்கின் பரம்பரையைத் திட்டுவார்கள். எதிரணியும் முட்டாள் இல்லை. இரண்டு பேராக நின்று காட்டிவிட்டு, பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு மாறிய நொடியில் ஒருவன் நடுவுக்கு நழுவுவான்.

நான் படத்தை அதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துவேன்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு. இடது பக்கத்துக்காரன் நடுவுக்கு வருவான்."

"அவன் சிலை மாதிரி நிக்கிறான்டா."

"குதிகால் தரையில இருக்கா பாரு. சும்மா நிக்கிறவன் எதுக்குக் குதிகாலத் தூக்குறான்?"

ஓட விடுவேன். வருவான்.

"முன்னாடியே பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்க, திருட்டுப்பயலே."

"இந்தப் படத்த அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி நீதான ஏத்தின, லூசு?"

இப்படி எத்தனை மதியங்கள்! இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் ஆலங்கட்டி விழுந்து ஓட்டையான கூரைகளின் படங்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். சம்பளம் அப்பாவுடையதைவிட அதிகம். ஆனால் எந்தக் கூரையும் அடுத்த நொடி என்ன செய்யும் என்று யாரும் என்னிடம் பந்தயம் கட்டுவதில்லை.

நான்காம் வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை, பயிற்சியில் முதல் குவார்ட்டர்பேக்கின் தோள் கழன்றது. சனிக்கிழமை ஏமஸ் தொடங்குவான் என்றார்கள். நான்கு வருடத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்குப் பிறகு அவனுக்குக் கால்பந்தே கிடையாது. அவன் அம்மா விடுப்பெடுத்து, ஒன்பது மணி நேரம் பேருந்தில் வந்தார்.

முதல் பாதியில் இரண்டு முறை பந்து எதிரணி கைக்குப் போயிற்று. இரண்டு முறையும் ஒரே கதை. மேடையின் மேலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: இடது பின்காவலனின் குதிகால் எழுந்தது, அவன் நடுவுக்கு நழுவினான், ஏமஸ் வெளியே எறிந்தான். எறிந்தது சரியான இடம். ஆனால் ரிசீவர் ராய்ஸ் கெஸ்லர் இன்னும் இரண்டு பேர் இருப்பதாக நினைத்து உள்ளே வெட்டிப் போய்விட்டான். நகரப் பேருந்துகளில் படம் போடுவார்களே, அந்த ராய்ஸ். கூட்டம் ஏமஸைப் பார்த்துக் கூவியது. ஏமஸ் இரண்டு முறையும் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டான். என் தப்பு என்று அர்த்தம். குவார்ட்டர்பேக்குகளின் வழக்கம் அது, யாருடைய தப்பாக இருந்தாலும் அவன்தான் தட்டிக்கொள்ள வேண்டும். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனை நான் பார்த்தால் அறைவேன்.

பதினேழுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் நான் எடுத்த படம் இருக்கும் டேப்லெட்டை உடைமாற்றும் அறைக்குக் கொண்டுபோவது என் வேலை. வாசலிலேயே கோச் துணைக் கோச்சிடம் சொல்வது கேட்டது: "புதுப் பையன எறக்கு. ஏமஸ் போதும்."

பத்தடி தள்ளி ஏமஸ் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

"போய்ச் சொல்லுடா" என்றேன்.

"என்னத்த?"

"ராய்ஸ் தப்புன்னு."

"வாய மூடிட்டுப் போ, கோரின்."

"உங்கம்மா மேல கேலரில உக்காந்திருக்காங்க."

"தெரியும். இப்ப சொன்னா ராய்ஸ் மிச்ச ஆட்டம் பூரா யோசிப்பான். யோசிச்சா ஓட மாட்டான். போ."

நான் போனேன், கோச்சிடம்.

"கோச், இத ஒரு நிமிஷம் பாருங்க."

"ஏம்மா கேமரா, இப்ப வேணாம்."

"என் பேரு கோரின். நாலு வருஷமா அதான் என் பேரு. பாருங்க."

பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, "டேய் ராய்ஸ்! ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதாடா ஒனக்கு? இந்தக் கேமராப் பொண்ணுக்குத் தெரியிது!" என்றார். யாரோ சிரித்தார்கள். ராய்ஸின் காதுகள் சிவந்தன. அவன் என்னையும் பார்க்கவில்லை, ஏமஸையும் பார்க்கவில்லை. தலைக்கவசத்தின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஏமஸ் ஆடினான். இரண்டாம் பாதியில் முப்பத்தொரு முறை எறிந்தான், இருபத்துநான்கு முறை பந்து எங்கள் ஆள் கையில் போய் உட்கார்ந்தது. பெரும்பாலும் ராய்ஸ் பக்கம் போகாமல் மற்றவர்களுக்கே எறிந்தான். ஒன்றா இரண்டா என்று இம்முறை அவன் கேட்டுக்கொண்டிருப்பது மேடையில் எனக்குக் கேட்பதுபோலவே இருந்தது. நானும் பதில் சொல்லிக்கொண்டே எடுத்தேன். அன்று எனக்கு உயரம் மறந்துபோயிற்று. காற்று இருந்ததா என்றுகூட நினைவில்லை.

நாற்பது நொடி மிச்சம். இருபத்துநாலுக்கு இருபது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு இருபத்தாறு கெஜம், கடைசி வாய்ப்பு. மற்றவர்களை எல்லாம் எதிரணி அடைத்துவிட்டது, ராய்ஸ் மட்டும்தான் பாக்கி. பந்து கைமாறியது. இடது குதிகால் எழுந்தது. ஏமஸ் வெளியே எறிந்தான். ராய்ஸ் பன்னிரண்டாவது கெஜத்தில் நின்றான். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. நின்று, ஏமஸைத் திரும்பிப் பார்த்தான், எதையோ கேட்பதுபோல. பந்து அவனுக்கு ஆறு கெஜம் தள்ளி, அவன் இருந்திருக்க வேண்டிய புல்லில் விழுந்தது.

ஏமஸ் நெஞ்சில் தட்டிக்கொண்டான்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனுக்காகக் காத்திருந்தேன். ஈரத்தலையோடு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"வாய மூடுன்னு சொன்னேன்ல?"

"ஒன்ன உக்கார வெச்சிருப்பாங்கடா."

"உக்காந்திருப்பேன். எனக்கென்ன புதுசா?"

"அதத்தான் என்னால பாத்துட்டிருக்க முடியல."

"நான் திட்டு வாங்கிட்டே எறிவேன், கோரின். எனக்கு அது பழகிப்போச்சு. ராய்ஸ ஜென்மத்துல யாரும் திட்டினதே இல்ல. இன்னிக்குத்தான் மொதல்தடவ. உன்னால."

"அவன் மேல பாவமாக்கும்?"

"பாவமாவது மண்ணாவது. பந்தப் பிடிக்கணும்ல அவன்?"

மன்னிப்பு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாகியிருக்கும். மறுபடியும் அந்த வாசலில் நிறுத்தினால் மறுபடியும் கோச்சிடம்தான் போவேன். வாய் மூடியிருந்தால் ராய்ஸ் ஓடியிருப்பான்தான். அவனுக்குப் பந்து எறிய ஏமஸ் இருந்திருக்க மாட்டான்.

அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். அணியின் சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிது. "எத்தன தடவ எறிஞ்சான் பாத்தியா? கை வலிக்காதா இவனுக்கு?" என்று என்னிடம் கேட்டார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏமஸ் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு நான்கடி நடந்தான். பிறகு நின்றான். திரும்பாமலே பேசினான்.

"படம் ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"எனக்கு ஒரு காப்பி போடு."

"முழுசுமா?"

அவன் அம்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது பாதி மட்டும்" என்றான். "கடைசிப் பந்தையும் சேத்து."

நான் உடனே படக்கூடத்துக்கு இறங்கிப் போனேன்.