இடது பக்கத்து நிலைக்கல்

கட்டட அனுமதி ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தை மார்ஜரி கீர்ட்டன் மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வீசினாள். முன்வாசலின் இடது நிலைக்கல்லை எடுக்க அனுமதி இல்லையாம். 1684-இல் செதுக்கிய அரிய கல்லாம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால் தேசத்தின் சொத்தாம். நாற்பத்திரண்டு வருஷமாக அந்தச் சொத்தில் படிந்த மாட்டுச் சேற்றைக் கழுவியவள் அவள். எந்தத் தேசமும் துடைப்பத்தோடு வந்து நின்றதில்லை.

வாசல் இருபத்தைந்து அங்குலம். அவள் புருஷன் வில்ஃபின் சக்கர நாற்காலி இருபத்தேழு. இந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான் அவன் ஐந்து மாதமாக டவுனில் முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலி உள்ளே போனால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பின்வாசலில் ஐந்து படி, நடுவில் ஒரு திருப்பம் வேறு.

மதியம் அவனிடம் போய்க் கடிதத்தை உரக்கப் படித்தாள். பட்டியலில் இருந்த வரிகளையும் அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள். "தேதி பொறித்த மேற்கல், வாசலுக்கு நடுவில் அமையாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பது அக்காலக் கைவினையின் வசீகரம்."

வில்ஃபின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள். பாவி, சிரித்துக்கொண்டிருந்தான்.

"வசீகரமாம்... அது நான் வெச்ச கல்லு, புள்ள."

"என்னது?"

"அறுபத்தஞ்சாம் வருஷத்துல. குளிர்காத்து உள்ள வருதுன்னு அப்பா கத்துனாரு. இடிஞ்ச பன்றிக் கொட்டாயிலேர்ந்து மூணு கல்லு எடுத்து வாசல ஒடுக்குனேன். ஓரத்தச் சரிச்சு செதுக்குனேன், எதிர்க்கல்லு மாதிரியே."

"பட்டியல் எழுத வந்தவன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீ அன்னைக்கு சந்தைக்குப் போயிருந்த. அவன் கல்லத் தடவித் தடவிப் பாத்தான். முன்னூறு வருஷத்து வேலைன்னான். சொல்ல மனசு வரல."

மார்ஜரிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "மனசு வரலியா? அவன் வந்துட்டுப் போயி முப்பது வருஷம், என்கிட்டகூட மூச்சு விடல. உன் பெருமைக்கு நீயே வெளியில கிடக்குற. நல்லா கிட!" போகும்போது அவன் போர்வையைச் சரிசெய்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

காரில் உட்கார்ந்தபடியே, கடிதத்தில் கையெழுத்திட்ட பெல்லமிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுவாரசியமான தகவல்தான், மிஸஸ் கீர்ட்டன்."

"சுவாரசியம் கிடக்கட்டும். பழைய கல்லு இல்லைன்னு ஆயிடுச்சு. எடுக்கலாமா?"

"பட்டியல்ல ஏறின அன்னைக்கு இருந்தது எல்லாமே பாதுகாப்புல வருதுங்க. உங்க வீட்டுக்காரர் வெச்சதும் இப்ப வரலாறுதான். புதுசா ஒரு மனு, கூட நிபுணர் அறிக்கை. எட்டு வாரம் ஆகும்."

"அவர் வெச்ச கல்லு வரலாறு. அவர்?"

பெல்லமி மறுபடி மனு, அறிக்கை என்று ஆரம்பித்தான். அவள் குறுக்கிட்டாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கல்லப் பேக்கப்போறேன், வா தம்பி. போட்டோ எடுக்க வசதியா இருக்கும்."

"மேடம், அது கிரிமினல் குற்றம்!"

"ஆகட்டும். ஜெயில் வாசல் இதவிட அகலமாத்தான் இருக்கும்."

சனிக்கிழமை ஒரு வேன் பிடித்து வில்ஃபை அழைத்து வந்தாள். இல்லத்தில் ஒருநாள் வெளியே அனுப்புவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அவள் அவன் துணிகளையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். பெல்லமி வேலிப் படலுக்கு வெளியே நின்றான். வில்ஃப் இடதுகையை நீட்டி நிலைக்கல்லின் சரிந்த ஓரத்தைத் தடவினான்.

"நல்லா செஞ்சிருக்கேன்ல?"

"நல்லா செஞ்சிருக்க. அதான் வயிறு எரியுது."

"முழுசா எடு புள்ள. ஒடைச்சிடாத."

அவள் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். கல் அசையவில்லை. அவன் பூசிய சிமெண்ட்டும் அவனைப் போலவே பிடிவாதம். அப்புறம் சம்மட்டியை எடுத்தாள். முதல் அடி பெல்லமிக்கு. இரண்டாவது அடி வில்ஃபுக்கு. அதற்குப் பிறகு யாருக்கு என்று எண்ணவில்லை. ஐந்து மாதம் ஒற்றை ஆளாகச் சாப்பிட்ட ஆத்திரம் முழுவதும் கையில் இறங்கியிருந்தது. மூன்று கல்லும் துண்டு துண்டாக விழுந்தபோது மேற்கல் உள்ளேயிருந்த பழைய நிலையின்மேல் அசையாமல் நின்றது. பொறித்த தேதி வாசலுக்கு நேர் நடுவில் இருந்தது.

பெல்லமி உள்ளே வந்து நோட்டைத் திறந்தான். "யார் இடிச்சதுன்னு நான் எழுதியாகணும்."

"என் பேர எழுது," என்றான் வில்ஃப். "கட்டுனவன் நான். இடிச்சவனும் நான்தான்."

"சும்மா கெட, கெழவா." மார்ஜரி சம்மட்டியைக் கீழே போட்டாள். "மார்ஜரி கீர்ட்டன்னு எழுது, தம்பி. இந்த வாசலப் பத்தி உங்க ஆபீஸ்ல ஏற்கெனவே ஒரு பொய் இருக்கு. அது போதும்."

அவன் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கல்துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வில்ஃபை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.